இறங்கும்போது 190, ஏறும்போது 10: செம்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: மும்பை செம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். திருமண, அரங்கேற்ற வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து சென்னையிலுள்ள ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்புவது என் தொழில். டிவிக்குக் கேபிள் கொடுப்பவரிடமே இணையமும் வாங்கியிருக்கிறோம். 200 எம்பிபிஎஸ் திட்டம், மாதம் 849 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சோதித்துப் பார்த்தால் பதிவிறக்கம் 190 வருகிறது. பதிவேற்றமோ அதிகாலையானாலும் இரவானாலும் 10ஐத் தாண்டுவதில்லை. 18 ஜிபி கோப்பு ஒன்றை அனுப்பி முடிக்க நான்கு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் என் கணவரின் அலுவலகக் கூட்டங்களில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. கேபிள்காரரிடம் சொன்னால், "கேபிளில் அப்லோட் இப்படித்தான் வரும், அதிகம் வேண்டுமென்றால் 3500 ரூபாய் பிசினஸ் பிளானுக்கு மாறுங்கள்" என்கிறார். இப்போதைய திட்டத்துக்கே ஒரு வருடப் பணத்தைக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றும் சொல்கிறார். எங்கள் சொசைட்டி அனுமதித்துள்ள இன்னொரு நிறுவனம் இரு திசையிலும் 100 தருவதாகச் சொல்லி மாதம் 799 கேட்கிறது. வேகம் பாதியாகிவிடுமே என்று கணவர் தயங்குகிறார். நாங்கள் என்ன செய்வது? வீட்டிலுள்ள பெட்டியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த நான்கு மணி நேரக் கணக்குதான். எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 18 ஜிபி என்பது 1,44,000 மெகாபிட். அதை நொடிக்கு 10 மெகாபிட் வீதம் அனுப்பினால் 14,400 நொடி, அதாவது மிகச் சரியாக நான்கு மணி நேரம் ஆகும். உங்கள் கணினியோ, வைஃபையோ, சென்னையில் கோப்பைப் பெற்றுக்கொள்ளும் தளமோ தடையாக இருந்திருந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஒத்துவந்திருக்காது. ஒரு நாள் ஐந்து மணி நேரமும் மறுநாள் மூன்றரை மணி நேரமும் ஆகியிருக்கும். அதிகாலையிலும் இரவிலும் ஒரே 10 வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலர் பகிர்ந்துகொள்ளும் பாதையில் நெரிசலால் வேகம் குறைந்தால், ஊர் உறங்கும் நேரத்தில் அது ஏறவேண்டும். உங்களுக்கு ஏறவில்லை. ஆகவே இது பழுது அன்று. யாரோ ஒருவர் அமைப்பில் எழுதி வைத்திருக்கும் எண்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய படம். சுவரிலிருந்து வரும் கம்பி மெலிதாக இருக்கிறது, அதன் முனையில் பச்சை நிறக் கிளிப் இருக்கிறது, பெட்டியின் முகப்பில் பான் (PON) என்றும் லாஸ் (LOS) என்றும் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. இது ஆப்டிக் ஃபைபர் இணைப்பு. டிவிக்கு வரும் தடித்த கறுப்புக் கேபிள் இதன் பக்கத்திலேயே ஓடுவதாலும், இரண்டுக்கும் ஒருவரே பணம் வாங்குவதாலும், இதையும் கேபிள் இணையம் என்றே எல்லோரும் அழைக்கிறோம். ஆனால் பதிவேற்றத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உலகங்கள். "கேபிளில் அப்லோட் இப்படித்தான் வரும்" என்ற வாக்கியம் அந்தத் தடித்த கேபிளுக்கு உண்மை. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் ஃபைபருக்கு உண்மையன்று.

அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே வாடிக்கையாளர்களிடம் மனசாட்சியோடு சொல்லியிருக்கிறேன் என்பதால், அது எங்கிருந்து வந்தது என்று விளக்கவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. மும்பையின் கிழக்குப் புறநகர்களில் கேபிள் இணைய நிறுவனங்களுக்காக வேலை செய்த வலையமைப்புப் பொறியாளன் நான். டிவிக்கான கோஆக்சியல் கேபிள், ஓரிடத்திலிருந்து ஆயிரம் வீடுகளுக்குப் படம் கொண்டுபோகப் போடப்பட்டது. வீட்டிலிருந்து திரும்பி எதுவும் வரவேண்டிய தேவை அதில் பெரிதாக இல்லை. 1997இல் டாக்சிஸ் என்ற தொழில்நுட்பத் தரம் வந்து, அதே கம்பியில் இணையத்தையும் அனுப்ப வழி செய்தபோது, திரும்பும் பாதைக்குக் கிடைத்தது அலைவரிசையின் அடிமட்டத் துண்டு மட்டும்தான்: அமெரிக்க முறையில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பிய முறையில் 5 முதல் 65 வரை. அதற்கு மேலே பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை விரியும் இடம் முழுவதும் டிவி சேனல்களுக்கும் பதிவிறக்கத்துக்கும் போய்விட்டது. பிற்காலத்தில் 2013இல் வந்த டாக்சிஸ் 3.1 தரம் திரும்பும் பாதையை அகலமாக்க இடம் கொடுத்தது என்றாலும், அதற்குத் தெருவிலுள்ள பெருக்கிகளை எல்லாம் மாற்றவேண்டும்.

அந்தத் துண்டு குறுகலானது என்பதோடு அழுக்கானதும்கூட. சிற்றலை வானொலியும் மோட்டார்களின் இரைச்சலும் நடமாடும் இடம் அதுவே. கீழே இறங்கும் பாதையில் உங்கள் வீட்டு இணைப்பு தளர்ந்திருந்தால் பாதிப்பு உங்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். மேலே ஏறும் பாதையில் அப்படியில்லை: ஒவ்வொரு வீட்டின் தளர்ந்த மூட்டிலிருந்தும் நுழையும் இரைச்சல், சிற்றோடைகள் ஆற்றில் கலப்பதுபோல, ஒன்றாகச் சேர்ந்து மேலே போகும். நான்காவது கட்டடத்தில் யாரோ கழற்றிவிட்டுப் போன ஒரு முனை மொத்தத் தெருவின் பதிவேற்றத்தையும் கெடுத்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பையில் அப்போது இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்த சில நாட்களில், நான் வேலை பார்த்த வலையமைப்பில் டிவி ஓடத் தொடங்கிவிட்டது. இணையம் மட்டும் வாரக்கணக்கில் தள்ளாடியது. கீழே அனுப்பத் தரவு தயாராக இருந்தும், அதைக் கேட்கும் கோரிக்கை வீட்டிலிருந்து மேலே வந்து சேராததே காரணம். ஈரம் இறங்கிய மூட்டுகளை மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறித் தேடினோம். அந்த அனுபவம் உள்ளவர்கள் யாரும், கோஆக்சியல் கேபிளில் பதிவேற்றம் குறைவாக இருப்பதை ஏமாற்று என்று சொல்லமாட்டார்கள்.

இப்போது உங்கள் ஃபைபருக்கு வருகிறேன். வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது ஜிபான் என்ற முறை. நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் ஒரே ஃபைபரை, மின்சாரம் தேவைப்படாத ஒரு சிறிய ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த ஒரு ஃபைபரில் நொடிக்கு 2488 மெகாபிட் இறங்கும், 1244 மெகாபிட் ஏறும். அதாவது ஏறும் பாதை இறங்கும் பாதையில் சரி பாதி. உங்களுக்கு விற்கப்பட்டிருக்கும் 200க்கு 10 என்ற விகிதம் இருபதுக்கு ஒன்று. இந்த இருபதுக்கு ஒன்றை ஃபைபர் கேட்கவில்லை. 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு மூச்சாகப் பதிவேற்றினாலும் ஆளுக்கு 38 எம்பிபிஎஸ் அளவுக்குப் பங்கு வரும். 64 வீடுகள் என்றாலும் 19 வரும். அப்படி எல்லோரும் ஒரே நொடியில் பதிவேற்றுவது நடைமுறையில் நடப்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவுப் பக்கமும் இதையே சொல்கிறது. உங்கள் நிறுவனம் தனக்கு மேலே உள்ள பெரிய நிறுவனத்திடமிருந்து வாங்கும் குழாய் இரு திசையிலும் ஒரே அகலம் கொண்டது. தரவுப் போக்குவரத்தை அளந்து கட்டணம் போடும் வழக்கமான ஒப்பந்தங்களில், வருவது, போவது இரண்டில் எது அதிகமோ அதற்கே பணம். வீட்டு வாடிக்கையாளர்கள் படம் பார்ப்பவர்கள். அனுப்புவதைவிடப் பல மடங்கு அதிகமாக இழுக்கிறார்கள். ஆகவே வெளியே போகும் பாதி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது, நீங்கள் 50 எம்பிபிஎஸ்ஸில் பதிவேற்றினாலும் அதற்காக நிறுவனத்தின் பில் கூடுவது அரிது. பிறகு ஏன் 10? பதிவேற்றம் தேவைப்படுகிறவர்கள் அதை வைத்துப் பிழைப்பவர்கள், அவர்களால் கூடுதலாகக் கொடுக்கமுடியும், வீட்டுத் திட்டத்திலேயே அது கிடைத்துவிட்டால் பிசினஸ் திட்டத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்ற வணிகக் கணக்குதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. விலையைத் தன் விருப்பப்படி வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் விலை முடிவு ஒன்றைத் தொழில்நுட்பத்தின் இயலாமை என்று சொல்லி, வீட்டிலிருந்து உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவரிடம் நான்கு மடங்கு வாங்க முயல்வது முறையன்று. இதில் உள்ளூர்க் கேபிள்காரர் மீது கோபப்படவேண்டாம். பெரும்பாலான இடங்களில் கம்பி இழுப்பதும் வசூலும்தான் அவர் கையில் இருக்கும். வேக வரம்பு நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்குக்கு எதிரே பதிவாகியிருக்கும், அதை அவர் நினைத்தாலும் மாற்றமுடியாது.

சட்டம் உங்களுக்கு எந்த அளவுக்குத் துணை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பிராட்பேண்ட் என்ற சொல்லுக்கான குறைந்தபட்ச வேகம் 2004இல் 256 கேபிபிஎஸ், 2013இல் 512 கேபிபிஎஸ், 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் என்று உயர்ந்திருக்கிறது. இந்த 2 எம்பிபிஎஸ் பதிவிறக்கத்துக்கு மட்டும் சொல்லப்பட்டது. பதிவேற்றத்துக்கு அதில் அடித்தளமே இல்லை. அமெரிக்காவில் 2015இல் 25க்கு 3 என்றும், 2024இல் 100க்கு 20 என்றும் இரண்டையும் சேர்த்தே வரையறுத்திருக்கிறார்கள். நம் வரையறையிலும் அந்த இரண்டாவது எண் வரவேண்டும் என்பதற்கு, வீட்டிலிருந்து வேலை செய்யும் உங்களைப் போன்றவர்களே போதுமான காரணம். வீட்டு இணையக் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிப்பதில்லை, சந்தைக்கே விட்டிருக்கிறது. எனவே விலை அதிகம் என்று புகார் செய்து பயனில்லை. திட்டத்தில் எழுதிக் கொடுத்த வேகம் வரவில்லை என்றால் மட்டும் புகார் நிற்கும்: முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்கவேண்டும், தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். உங்கள் திட்ட விவரத்தில் பதிவேற்றம் 10 என்று சிறிய எழுத்தில் இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பில்லையும் விண்ணப்பப் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 200 என்று மட்டும் எழுதி, பதிவேற்றம் வேறு என்று எங்கும் குறிப்பிடாமல் இருந்தால், புகாரை எழுத்தில் கொடுக்க உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

உங்கள் கணவரின் தயக்கத்துக்கு வருவோம். 200லிருந்து 100க்கு இறங்கினால் உங்கள் வீட்டில் எது குறையும்? 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். ஒரு காணொளிக் கூட்டம், மிகத் தெளிவான படத்தோடு நடந்தாலும், ஒரு திசையில் 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அரிது. இரண்டு டிவி, இரண்டு கூட்டம், மூன்று கைபேசி ஒரே நேரத்தில் ஓடினாலும் 100 நிரம்பாது. பெரிய மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கும் சில நிமிடங்களில் மட்டும் வித்தியாசம் தெரியும். மறுபக்கம், அந்த 18 ஜிபி கோப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் 24 நிமிடத்தில் சென்னைக்குப் போய்விடும். பாதி வேகம் கிடைத்தாலும் 48 நிமிடம். அவருடைய கூட்டங்கள் தடுமாறுவதற்குக் காரணமும் பதிவேற்றம்தான் என்பதால், மாறினால் பயன் உங்களைவிட அவருக்கு முதலில் தெரியும்.

அது எப்படி என்று கேட்கலாம். உங்கள் கோப்பு 10 எம்பிபிஎஸ்ஸையும் நிரப்பிவிடும்போது, பெட்டிக்குள் தரவு வரிசையில் நிற்கத் தொடங்குகிறது. அவருடைய குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று, அரை நொடி, ஒரு நொடி தாமதமாக வெளியேறுகிறது. பதிவிறக்கம் 190 இருந்தும் பக்கங்கள் மெதுவாகத் திறப்பதற்கும் இதுவே காரணம், ஏனென்றால் "வந்தது, அடுத்ததை அனுப்பு" என்று சொல்லும் சின்னஞ்சிறு செய்திகளும் அதே வரிசையில்தான் காத்திருக்கின்றன. புதிய இணைப்பு வரும்வரை ஒன்று செய்யுங்கள்: கோப்பு அனுப்பும் மென்பொருளின் அமைப்புகளில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கும் இடம் இருக்கும்; கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் இருக்கிறது. அதில் நொடிக்கு 1000 கிலோபைட் என்று வைத்தால் 8 எம்பிபிஎஸ் ஆகும். கோப்பு போக ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் மிச்சமுள்ள 2 எம்பிபிஎஸ்ஸில் அவர் குரல் அறுந்துபோகாமல் பேசலாம். பெரிய கோப்புகளை இரவில் போகும்படி வைத்துவிட்டால் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரமும் உங்களைப் பாதிக்காது. ஸ்டுடியோ திருத்தம் சொல்வதற்காகப் பார்க்கும் பிரதிக்கு முழுத் தரம் தேவையில்லை. ஒரு நொடி வீடியோவுக்கு 8 மெகாபிட் என்ற அடர்த்தியில் (பிட்ரேட்) ஏற்றுமதி செய்தால் ஒரு மணி நேர வீடியோ 3.6 ஜிபிதான் வரும், இன்றைய இணைப்பிலேயே 48 நிமிடத்தில் போய்விடும்.

இனி பணக் கணக்கு. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் உங்கள் இப்போதைய செலவு மாதம் 1002 ரூபாய், பிசினஸ் திட்டம் 4130 ரூபாய், இன்னொரு நிறுவனத்தின் 100க்கு 100 திட்டம் 943 ரூபாய். பிசினஸ் திட்டத்தில் நிலையான ஐபி முகவரி, பழுதானால் விரைந்து சரிசெய்வதாக உறுதி போன்றவை இருக்கலாம். உங்கள் வேலைக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. இரண்டு வீட்டு இணைப்புகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால்கூட 1945 ரூபாய்தான் ஆகிறது, ஒன்று படுத்தால் மற்றொன்று கைகொடுக்கும். ஆகவே பிசினஸ் திட்டத்தை வாங்கவேண்டாம் என்பது என் தெளிவான ஆலோசனை. வருடப் பணத்தையும் கட்டவேண்டாம். இரண்டு மாத இலவசத்தால் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஜிஎஸ்டி உட்பட இரண்டாயிரம் ரூபாய் அளவுதான். அதற்கு ஈடாக, உங்கள் தொழிலுக்குப் பொருந்தாத ஒரு வேகத்தோடு பன்னிரண்டு மாதம் கட்டுண்டு கிடப்பீர்கள், பேரம் பேசும் வலுவும் போய்விடும்.

மாறுவதற்கு முன் இப்போதைய நிறுவனத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். கேபிள்காரரிடம் வாய்மொழியாகச் சொல்வதை விட்டுவிட்டு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: "என் இணைப்பு ஃபைபர். என் கணக்கில் பதிவேற்ற வரம்பு எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது? அதை 50 ஆக உயர்த்த மாதம் எவ்வளவு கூடுதலாகக் கேட்பீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளுக்கு மேல் எதுவும் வேண்டாம். சொசைட்டியில் போட்டி நிறுவனம் ஒன்று இருப்பது அவர்களுக்கும் தெரியும், ஆகவே சில நேரங்களில் செலவில்லாமலே வரம்பு உயர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் காத்திருங்கள், பதில் வராவிட்டால் மாறுங்கள்.

புதிய நிறுவனத்திடம் முதல் மாதம் மாதச் சந்தாவாகவே சேருங்கள். "இரு திசையிலும் 100" என்பதைப் படிவத்திலோ வாட்ஸாப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். வரம்பற்ற தரவு என்று சொல்லும் பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்ற எல்லை இருக்கிறது, பதிவேற்றமும் அதில் கணக்காகும். உங்கள் அளவுக்கு அது தாராளம் என்றாலும் அந்த எல்லைக்குப் பின் வேகம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு வாங்கும் பணம் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையா, கட்டணமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் கட்டடத்திலேயே அந்த இணைப்பு வைத்திருக்கும் இரண்டு வீட்டாரிடம், மழைக்காலத்தில் எத்தனை நாள் அறுந்தது என்று விசாரித்துவிடுங்கள். வேகத்தைவிட அந்தப் பதில் முக்கியம்.

இணைப்புக் கொடுக்க வரும் பணியாளர் தன் கைபேசியில் வைஃபை வழியாக ஒரு சோதனை காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். எடிட்டிங் கணினியை லேன் கம்பியால் நேரே பெட்டியில் செருகி, அவர் முன்னிலையிலேயே பதிவேற்ற எண்ணைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அன்றிரவு பத்து மணிக்கும் மறுநாள் காலையிலும் ஓர் உண்மையான கோப்பைச் சென்னைக்கு அனுப்பி நேரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று வாரம் இப்படி நிலையாக ஓடிய பின்னர் பழைய இணைப்பை நிறுத்துங்கள். அவர்கள் பெட்டியைத் திரும்பக் கொடுக்கும்போது ரசீது வாங்க மறக்கவேண்டாம்.